மாவுச்சத்துக் காய்கறி: கிழங்கு என்று சொன்னால் போதுமா?

'ஸ்டார்ச்சி வெஜிடபிள்', அதாவது மாவுச்சத்து மிகுந்த காய்கறி, என்பதைப் பலரும் தமிழில் 'கிழங்கு வகை' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரத்தச் சர்க்கரைக்காக உணவைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறவரை இது தடுமாற வைக்கும். முள்ளங்கி மண்ணுக்கடியில்தான் விளைகிறது. அதில் மாவு இல்லை என்றே சொல்லலாம். பச்சைப் பட்டாணி, மக்காச்சோளம், வாழைக்காய் மூன்றும் மண்ணுக்கு மேலே விளைபவை. மூன்றிலும் மாவு உண்டு.

ஸ்டார்ச் என்ற ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் விறைப்பு. துணிக்குக் கஞ்சி போட்டால் வருகிறதே, அந்த விறைப்புதான். ஜெர்மன் மொழியில் வலிமைக்கும் மாவுச்சத்துக்கும் ஒரே சொல். கிரேக்கர் வேறு பக்கமிருந்து வந்தார்கள்: 'அமிலோன்', அதாவது திரிகையில் அரைக்காதது. தானியத்தை ஊறவைத்துப் பிசைந்து, அடியில் படிவதை எடுத்ததால் அந்தப் பெயர். நம் எச்சிலில் மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கும் அமிலேஸ் நொதிக்கும் அதிலிருந்துதான் பெயர் வந்தது. (புளிக்கும் அமிலத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) அவர்கள் 'அரைக்காதது' என்ற பொருளை நாம் மாவு என்கிறோம்!

ஆனாலும் நம் சொல்தான் பொருத்தம். வெந்த உருளைக்கிழங்கு விரலில் உதிர்ந்தால் 'மாவா இருக்கு' என்போம். பச்சையாகத் துருவித் தண்ணீரில் அலசிக் கால்மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாக, அழுத்தினால் நறநறவென்று ஒரு படிவு நிற்கும். அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாகிவிடும். முள்ளங்கியில் இந்த வித்தை பலிக்காது.

ஸ்டார்ச்சைக் கலைச்சொல்லாகத் தரசம் என்றும் சொல்வார்கள். இலங்கைப் பாடநூல்களில் மாப்பொருள். இரண்டுமே நல்ல சொற்கள். பரவலாக வழங்கும் மாவுச்சத்தில்தான் ஒரு சிக்கல்: கார்போஹைட்ரேட் முழுவதையும் அப்படியே அழைக்கிறோம். கார்போஹைட்ரேட்டில் மாவு, சர்க்கரை, நார் மூன்றும் அடக்கம். பீட்ரூட்டில் மாவு மிகக் குறைவு, ஆனால் 100 கிராமில் சுமார் 10 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கிறது, பெரும்பகுதி சர்க்கரையாக. 'மாவுச்சத்து குறைவு' என்று படித்துவிட்டுக் கிண்ணம் நிறையச் சாப்பிட்டால் கணக்கு உதைக்கும். அதனால் மொத்தத்துக்குக் கார்போஹைட்ரேட் என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, மாவுச்சத்தை ஸ்டார்ச்சுக்கு மட்டும் ஒதுக்குவது நல்லது. மாவுச்சத்து மிகுந்த காயைச் சுருக்கமாக 'மாவுக்காய்' என்றே சொல்லலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது.

எந்தக் காயைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருவோம். வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 20 கிராம். பட்டாணியில் 15 போல, அதிலும் 5 கிராம் அளவுக்கு நார். மரவள்ளி பச்சையாக 38 வரை போகும். காலிஃபிளவரோ 5-ஐத் தாண்டுவதே அரிது. கார்போஹைட்ரேட்டைக் குறைத்துச் சாப்பிடுகிறவர் மாவுக்காயைக் காய்க் கணக்கில் சேர்க்காமல் தானியக் கணக்கில் வைக்க வேண்டும். அது தட்டில் வரும் வேளையில் தானியம் அந்த அளவுக்குக் குறைய வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் மருத்துவரிடம் கேட்காமல் திடீரென்று கார்போஹைட்ரேட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

வேகவைத்து ஆறவிட்ட கிழங்கில் மாவின் ஒரு பகுதி இறுகி, எளிதில் செரிக்காத மாவாகிவிடும். ஒரு பகுதிதான். மீதி வழக்கம்போலச் சர்க்கரையாகும்.