மார்கழியில் உறையும் எண்ணெய்

மார்கழி விடியலில் கிளிநொச்சிப் பக்கம் எந்தக் குசினிக்குள் போனாலும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் வெள்ளையாய்க் கட்டிபட்டு நிற்கும். அம்மம்மா அதை அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் வைத்துத்தான் எங்கள் தலையில் தேய்ப்பார். வன்னிக் குளிர் என்பது 22 பாகை செல்சியஸ் அளவுதான். அந்தக் குளிருக்கே உறைகிற எண்ணெயைக் கொண்டு, வெளியே பூச்சியத்துக்குக் கீழே 50 பாகை குளிரடிக்கும் 11 கிலோமீற்றர் உயரத்தில் விமானம் ஓட்டலாம் என்றால் நம்பக் கடினமாக இருக்கும். ஆனால் ஓட்டுகிறார்கள். எண்ணெயை மண்ணெண்ணெயாக மாற்றிவிட்டு ஓட்டுகிறார்கள்.

பயணிகள் விமானங்கள் எரிக்கும் ஜெற் ஏ-1 என்பது அடிப்படையில் மண்ணெண்ணெய்தான். ஜாம் போத்தல் விளக்கில் நாங்கள் ஊற்றி எரித்த அதே வகை எண்ணெய், இன்னும் கண்டிப்பாகச் சுத்திகரிக்கப்பட்டது. பூச்சியத்துக்குக் கீழ் 47 பாகை வரை அது உறையக் கூடாது என்பது விதி. போர்க்காலத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது அந்த எண்ணெய்க்காக வரிசையில் நின்றவர்கள் நாங்கள். இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடினோம். பின்னால் வருபவரின் முகம் புகையில் தெரியாது. எரிபொருள் மாறினால் இயந்திரம் என்ன பாடுபடும் என்பது வன்னியில் எல்லோருக்கும் தெரிந்த விடயம். விமானத்தில் இயந்திரம் அப்படிப் பாடுபட இடமில்லை. அதனால்தான் இயந்திரத்தைத் தொடாமல் எண்ணெயை மாற்றுகிறார்கள்.

எப்படி? ஒரு வில்வ இலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பு, மூன்று இலை. தேங்காயெண்ணெய், இலுப்பெண்ணெய், பொரித்து முடித்த கடை எண்ணெய் எல்லாவற்றின் மூலக்கூறும் இந்த அமைப்புத்தான். காம்பு கிளிசரோல், இலைகள் கொழுப்பமிலங்கள், அதாவது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள். ஒவ்வொரு சங்கிலியும் காம்போடு சேரும் இடத்தில் ஒட்சிசன் இருக்கிறது. எரிபொருளுக்கு அந்த ஒட்சிசன் வீண் சுமை. ஆகவே ஊக்கி ஒன்றின் மேல் (தான் செலவாகாமல் வேதிமாற்றத்தை விரைவாக்கும் பொருள்தான் ஊக்கி), உயர்ந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் எண்ணெயோடு ஐதரசனைச் சேர்க்கிறார்கள். காம்பு கழன்று புரோப்பேன் வாயுவாகிறது. ஒட்சிசனில் பெரும்பகுதி தண்ணீராக வெளியேறுகிறது. கார்பனும் ஐதரசனும் மட்டுமே உள்ள நேரான சங்கிலிகள் மிஞ்சுகின்றன.

இது இன்னும் விமானத்துக்கு ஆகாது. நேரான கப்புகளை அடுக்கினால் இடைவெளியில்லாமல் நெருங்கிப் படுக்கும். நேரான சங்கிலிகளும் குளிரில் அப்படியே அடுக்கி மெழுகாகிவிடும். அலம்பலை அப்படி அடுக்க முடியாது, கிளைகள் ஒன்றையொன்று தள்ளும். அடுத்த படியில் செய்வது அதைத்தான்: இன்னொரு ஊக்கியைக் கொண்டு சங்கிலிகளுக்குக் கிளை முளைக்க வைக்கிறார்கள். கூடவே, நீளமானவற்றை நறுக்குகிறார்கள். மண்ணெண்ணெய்க்கு 8 முதல் 16 கார்பன் வரையான சங்கிலிகள் வேண்டும். இலுப்பெண்ணெயில் பெரும்பாலும் 16, 18. தேங்காயெண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் கொண்ட லோரிக் அமிலம். இயற்கையே அளவெடுத்து வெட்டித் தந்ததுபோல. பிறகு வடித்துப் பிரித்தால் குளிரிலும் உறையாத மண்ணெண்ணெய் கிடைக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. நிலத்தடியிலிருந்து எடுக்கும் மசகெண்ணெயில் வரும் மண்ணெண்ணெயில் அரோமற்றிக் சேர்மங்கள், அதாவது கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த சேர்மங்கள், கொஞ்சம் இருக்கும். குழாய் மூட்டுகளிலுள்ள றப்பர் வளையங்கள் அவற்றை உறிஞ்சி ஊதி இறுகிக்கொள்கின்றன. தாவர மண்ணெண்ணெயில் அவை இல்லாததால் பழகிய வளையம் சுருங்கி ஒழுகக்கூடும். இந்த முறையில் செய்த எரிபொருளைப் பாதிக்குப் பாதி வரைதான் கலக்கலாம் என்ற வரம்புக்கு இது முக்கிய காரணம். 2023 நவம்பரில் லண்டனிலிருந்து நியூயோர்க்குக்கு ஒரு போயிங் 787 முழுக்க மாற்று எரிபொருளில் பறந்தபோது, 12 விழுக்காடு செயற்கை அரோமற்றிக்கைச் சேர்த்தே அந்தச் சிக்கலைத் தாண்டினார்கள்.

சரி, இயந்திரம் ஏற்கிறது. எண்ணெய் எங்கிருந்து வரும்? எனக்குக் கவலை தருவது இந்தக் கேள்விதான். 2008 பெப்ரவரியில் லண்டனிலிருந்து அம்ஸ்ரடாமுக்கு ஒரு 747 விமானம் பறந்தது. அதன் நான்கு இயந்திரங்களில் ஒன்றுக்கு மட்டும், தேங்காயெண்ணெயும் பபாசு என்ற பிரேசில் பனை வகையின் எண்ணெயும் கொண்டு செய்த எரிபொருளை 20 விழுக்காடு கலந்தார்கள். அதற்கே சுமார் 150,000 தேங்காய் வேண்டியிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. ஒரு தென்னை ஆண்டுக்கு 60 காய் தந்தால், 2,500 மரங்களின் ஓராண்டு விளைச்சல் ஒரு மணி நேரப் பறப்பின் ஒரு சிறு பங்குக்குப் போய்விட்டது.

அப்புறம் காட்டாமணக்கு வந்தது. எங்கள் வேலியோரம் நிற்கும், பிள்ளைகள் பாலெடுத்துக் குமிழி ஊதும் அதே செடி. 2008 டிசம்பரில் நியூசிலாந்திலும், 2018 ஓகஸ்டில் டேராடூனிலிருந்து தில்லிக்கும் அதன் எண்ணெய் கலந்து பறந்தார்கள். தரிசில் வளரும், தண்ணீர் கேட்காது என்று சொல்லிப் பல நாடுகளில் ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். செடி வளர்ந்தது உண்மை. தண்ணீரும் உரமும் இல்லாமல் காய்ப்புத்தான் வரவில்லை. பல தோட்டங்கள் கைவிடப்பட்டன. சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை எண்ணி எண்ணிப் பங்கிடும் எங்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. வயலையும் குளத்தையும் கேட்கும் எந்த எரிபொருள் பயிரையும் வன்னிக்குள் விடக் கூடாது என்றே நான் நினைக்கிறேன். காட்டை வெட்டி நட்டாலோ கணக்கே பிழைத்துவிடும். ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ காபனீரொட்சைட்டு வெளியேறும். தாவர எண்ணெயானால் அது செடி முன்பு காற்றிலிருந்து எடுத்ததுதான் என்று சொல்லலாம். ஆனால் வெட்டிய காடு சேர்த்துவைத்திருந்தது அதைவிட எத்தனையோ மடங்கு.

மிஞ்சுவது கழிவு. பொரித்த எண்ணெயில் இன்று நிறைய எரிபொருள் செய்கிறார்கள். ஆனாலும் 2024இல் உலகம் முழுவதும் செய்த மாற்று விமான எரிபொருள் ஏறத்தாழ 10 இலட்சம் தொன், மொத்தத் தேவையில் 0.3 விழுக்காடு மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் 2 விழுக்காடும் 2050இல் 70 விழுக்காடும் கலக்க வேண்டுமென்று சட்டம் போட்டிருக்கிறது. கடை எண்ணெய் மட்டும் அதற்குப் போதாது.

இங்கேதான் எங்கள் உமி கண்ணில் படுகிறது. 100 கிலோ நெல் குற்றினால் சுமார் 20 கிலோ உமி. அதைக் குறைந்த காற்றில் சூடாக்கினால் காபனோரொட்சைட்டும் ஐதரசனும் கலந்த வாயு வரும். அந்த வாயுவை ஊக்கியின் மேல் செலுத்தி, கார்பன் கார்பனாகக் கோத்துச் சங்கிலி செய்யலாம். 1920களில் ஜேர்மனியில் நிலக்கரிக்காகக் கண்டுபிடித்த ஃபிஷர்-ட்ரொப்ஷ் முறை இது. 2009இலேயே விமான எரிபொருளுக்கு அனுமதி பெற்றது. தடை இரண்டு. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. கவனமில்லாமல் சூடாக்கினால் உருகி உலைக்குள் ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று லொறிக் கணக்கு: ஒரு பெட்டி நிறைய உமி பார்வைக்கு மலை, தராசில் கொஞ்சம். நெல் ஆலைக்குப் பக்கத்திலேயே அதை அழுத்திக் கட்டியாக்காவிட்டால், கொண்டுபோகும் டீசலே இலாபத்தைத் தின்றுவிடும்.