அவுட்லா: சட்டப்புறத்தார்

1967இல் ஆர்தர் பென் இயக்கிய 'போனி அண்ட் கிளைட்' படத்தைப் பற்றித் தமிழில் எழுதும்போது, அந்தக் காதலர்களைக் 'கொள்ளையர்' என்று எழுதிவிடுகிறோம். வங்கியில் துப்பாக்கி காட்டிப் பணம் பறித்தவர்கள்தானே, சரிதான். ஆனால் ஆங்கிலத்தில் அவர்களுக்கு வழங்கும் 'அவுட்லா' என்ற பெயர் இதோடு நிற்பதில்லை.

ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஒருகாலத்தில் பேசப்பட்ட பழைய நார்ஸ் மொழியின் 'ஊட்லாகி'தான் இதன் மூலம். 'ஊட்' என்றால் வெளியே. பின்பாதி சட்டத்தைக் குறிக்கும். சட்டத்தை மீறியவர் என்று நாம் புரிந்துகொள்கிறோம். சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் என்பதே மூலப் பொருள். இடைக்கால இங்கிலாந்தில், அழைத்து அழைத்தும் மன்றத்துக்கு வராதவரை அவுட்லா என்று அறிவிப்பார்கள். அப்புறம் அவருக்குச் சொத்து கிடையாது. அவருக்குச் சோறு போட்டாலே குற்றம். தொடக்க காலத்தில் அவரைக் கண்ட இடத்தில் கொல்லவும் செய்யலாம், ஓநாயைக் கொல்வது போல. 'ஓநாய்த்தலை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் பொருள் தேய்ந்து, தலைமறைவாகத் திரியும் குற்றவாளி என்றாகிவிட்டது.

நிஜமான போனி பார்க்கரும் கிளைட் பாரோவும் 1934 மே 23 அன்று அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு சாலையில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். யாரும் அவர்களைச் சட்டப்படி அவுட்லா என்று அறிவித்திருக்கவில்லை. ஆனாலும் படத்தின் முடிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பழைய பொருள்தான் நினைவுக்கு வருகிறது. சாலையோரம் லாரியோடு நிற்கும் பெரியவர் சட்டென்று அதன் அடியில் புகுந்துகொள்கிறார். புதரிலிருந்து பறவைகள் எழும்புகின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். 'சரணடை' என்று ஒரு குரல்கூட இல்லை, குண்டுகள்தான் வருகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? வழிப்பறி செய்வோரைப் பொருநராற்றுப்படை 'ஆறலை கள்வர்' என்கிறது. ஆறு என்றால் வழி. வழிப்போக்கரை அலைக்கழிக்கும் கள்வர். அருமையான சொல், ஆனால் அது தொழிலைச் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை. 'சட்டவிரோதி' மீறலோடு நின்றுவிடுகிறது. நம் ஊர்விலக்கு அவுட்லாவுக்கு மிக நெருங்கிய வழக்கம்: தண்ணீர் தரக்கூடாது, பேசக்கூடாது. அதைப் பார்த்து 'சட்டவிலக்கு' என்று ஆக்கலாமா என்றால், வரிவிலக்கு மாதிரி சலுகை என்று பொருள் மாறிவிடும்.

'சட்டத்துக்குப் புறம்பான' என்று தினமும் எழுதுகிறோம். அந்தப் 'புறம்' என்பதையே எடுத்துக்கொண்டால் 'சட்டப்புறத்தார்' கிடைக்கிறது. ஒருவரைச் சொல்ல சட்டப்புறத்தான், சட்டப்புறத்தாள். தாமாக வெளியேறியவருக்கும் தள்ளப்பட்டவருக்கும் இரண்டுக்குமே இது பொருந்துவதால், நான் இதையே எழுதுகிறேன்.