தொய்னா ஒப்பாரி இல்லை

'ருமேனிய ஒப்பாரி' என்று இன்னொரு முறை யாராவது எழுதினால் சண்டைக்கே போய்விடுவேன். டபுள் பாஸை (வயலின் குடும்பத்தின் மிகப் பெரிய, அடிக்குரல் வாத்தியம்) மட்டும் வைத்து ருமேனிய நாட்டுப்புற இசையை வாசிப்பவர்களைப் பற்றித் தமிழில் வருவதே கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் 'தொய்னா' என்ற ருமேனியப் பாட்டுவகையின் பெயர் வரும் இடத்தில் ஒப்பாரி வந்து உட்கார்ந்துவிடுகிறது.

சொல்லின் கதை சின்னதுதான். தாளக்கட்டு இல்லாமல், பாடுபவர் தன் போக்கில் இழுத்தும் நிறுத்தியும் தனியாகப் பாடுவது தொய்னா. வேர்ச்சொல் எது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. லித்துவேனிய மொழியில் பாட்டைக் குறிக்கும் 'தைனா'வோடு சிலர் முடிச்சுப் போடுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் மோல்தாவியாவை ஆண்ட திமித்ரியே கன்தெமிர், பழைய போர்த்தெய்வம் ஒன்றின் பெயராக இருக்கலாம் என்று எழுதிவைத்தார். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. ('டொய்னா' என்பது ஆங்கிலம் வழியாக வந்த உச்சரிப்பு. தோசையின் முதல் எழுத்தை எப்படிச் சொல்கிறோமோ அப்படிச் சொன்னால் போதும்.)

சரி, ஒப்பாரிக்கு வருவோம். ஒப்பாரிக்கு ஒரு சாவு வேண்டும். செத்தவரை முன்னால் கிடத்தி, உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டு, அவர் பெருமையையும் தன் கதியையும் சொல்லி அழுவது அது. ருமேனியர்களிடமும் இது உண்டு. அதற்கு 'போச்செத்' என்று தனிப் பெயரே இருக்கிறது. அங்கேயும் பெண்கள்தான் அழுகிறார்கள், அங்கேயும் செத்தவரை நேராக விளித்துத்தான் அழுகிறார்கள். ஒப்பாரி என்ற நல்ல சொல்லைத் தொய்னாவுக்குக் கொடுத்துவிட்டால், நாளைக்குப் போச்செத்தை மொழிபெயர்க்கும்போது என்ன செய்வதாக உத்தேசம்?

தொய்னாவின் உயிர் 'தோர்' என்ற உணர்ச்சி. லத்தீனில் வலியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்றாலும், இன்றைக்கு அதன் பொருள் ஏக்கம். காதலுக்கும் ஊரைப் பிரிந்ததற்கும் தொய்னா உண்டு. பட்டாளத்துக்குப் பிடித்துப்போனதற்கு உண்டு. காட்டில் ஒளிந்து திரிந்த ஹைதுக் கொள்ளையர்களுக்கும் உண்டு. தொய்னா பாடியே பிள்ளையைத் தூங்கவைப்பதும் உண்டு. சாவு வீட்டில் கண்விழிக்கும் இரவிலும் பாடுவார்களே என்று யாராவது கேட்கலாம். பாடுவார்கள்தான். அதற்காகத் தாலாட்டுக்கும் ஒப்பாரி என்றா பெயர் வைப்பது?

ஆடு தொலைத்த இடையனின் கதை ஒன்று இருக்கிறது. வார்த்தையே கிடையாது, குழலிலேயே கதை சொல்வார்கள். ஆடுகளைத் தேடி அலையும்போது தொய்னா. தூரத்தில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது, ஆடுதான் என்று நினைத்து ஓடுகிறான். பார்த்தால் வெறும் கல். மறுபடி தொய்னா. கடைசியில் ஆடுகள் கிடைத்ததும் துள்ளும் நடன மெட்டு. ஒப்பாரியை இப்படி ஆட்டத்தில் கொண்டுபோய் முடிக்க முடியுமா?

டபுள் பாஸுக்குத் தொய்னா வருவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல்யாணங்களுக்கு வாசிக்கும் 'தராஃப்' குழுவில் இந்த வாத்தியத்தின் வேலையே விடிய விடியத் தாளம் பிடிப்பதுதான். தொய்னா வந்தால் வில்லால் நீண்ட சுரம் ஒன்றை இழுத்து, பாட்டுக்குத் தரை போட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். தனியாக வாசிக்கும்போது தரையும் பாட்டும் அதுவே. அழுத்தாத தந்தி ஒன்றை விடாமல் இழுத்துக்கொண்டே பக்கத்துத் தந்தியில் மெட்டைப் பிடிக்க வேண்டும். வடக்கே லாப்புஷ் பகுதிப் பாடகர்கள் தொண்டையில் திடீர் வெட்டுகள் போடுவார்கள். அதற்கு 'முடிச்சு' என்றே பெயர். தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு விட்டால் மேலே ஒரு சீட்டி ஒலி பிறக்கும் இல்லையா, பாஸில் அந்த முடிச்சைப் போட அது கைகொடுக்கும். இவ்வளவு கைவேலை இருக்கும் இசையை 'அழுகை ஓசை' என்று ஒரே சொல்லில் முடித்த குறிப்பைப் படித்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைத் திறக்கிறார்கள், பக்கத்தைத் திருப்ப மாட்டேன் என்கிறார்கள். இசையமைப்பாளர் லிகெத்தி, வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) ஒன்றுக்கு மட்டுமே எழுதி 1990களில் முடித்த சொனாட்டாவின் முதல் பகுதிக்கு 'ஹோரா லுங்கா' என்று பெயர். அந்தப் பகுதி முழுவதும் அடித்தந்தி ஒன்றிலேயே நடக்கிறது. அதைத் தமிழில் 'நீண்ட வட்ட நடனம்' ஆக்கிவிட்டார்கள்! ருமேனியாவின் பல பகுதிகளில் ஹோரா வட்டமாக ஆடும் ஆட்டம்தான். இசையமைப்பாளர் பேலா பார்தோக் 1913இல் ஒலிப்பதிவுக் கருவியோடு போன வடக்கு மராமுரேஷிலோ ஹோரா என்றால் பாட்டு. ஆகவே அது நெடும்பாட்டு. தொய்னாவின் மராமுரேஷ் வடிவம். 'இரட்டை பாஸ்' இன்னொரு கொடுமை. அதில் எதுவும் இரண்டாக இல்லை. தன்னைவிடச் சிறிய செல்லோவின் வரியை ஒரு ஸ்தாயி கீழே சேர்ந்து வாசித்ததால் வந்த பெயர் அது.

அப்படியானால் தொய்னாவுக்குத் தமிழ் என்ன? 'சோக கீதம்' பாதி ஒப்பாரி. 'தெம்மாங்கு' காதலுக்கும் ஏக்கத்துக்கும் பொருந்தினாலும் தாளத்தோடு நடக்கும். ஆலாபனைக்குத் தாளம் இல்லை, ஆனால் அதில் பாட்டுக்குரிய சொல்லும் இல்லை. நம்மிடம் தாளமில்லாமல், சொல்லை இழுத்து, பாடுபவர் விருப்பப்படி நடப்பது விருத்தம். கச்சேரி மேடையிலும் இருக்கிறது, தெருக்கூத்திலும் இருக்கிறது. என் கணக்கில் 'ஏக்க விருத்தம்' மிக அருகில் வருகிறது. விருத்தம் வடசொல் ஆயிற்றே என்பவர்களுக்கு: கூத்துக்காரர் வாயில் இத்தனை காலம் புழங்கிய சொல்லுக்கு அதற்கு மேல் என்ன சான்றிதழ் வேண்டும்? 'நெகிழ்தாள ஏங்கிசை' போன்ற தூய ஆக்கங்களைப் படித்தால் வாத்தியக்காரருக்கே புரியாது.

முதல் தடவை 'தொய்னா என்னும் ஏக்க விருத்தம்' என்று எழுதிவிட்டு அப்புறம் வெறும் தொய்னா என்றே விடலாம். ஹோரா லுங்காவுக்கு நெடும்பாட்டு, போச்செத்துக்கு ஒப்பாரி. வாத்தியம் டபுள் பாஸாகவே இருக்கட்டும். ருமேனியக் கிராமங்கள் சிலவற்றிலேயே அதற்குக் 'கோர்துனா' என்று ஹங்கேரியச் சொல்லைத்தான் கடன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.