இறந்தவர் கொடுத்த சிறுநீரகம் யாருக்குச் செல்கிறது?

மூளைச்சாவு அடைந்த ஒருவரின் குடும்பத்தார் சம்மதித்துக் கொடுக்கும் இரண்டு சிறுநீரகங்களும், காத்திருப்போர் பட்டியலில் முதலில் பெயர் பதிந்த இருவருக்கே போய்ச் சேரும் என்றுதான் கொழும்பில் டயலிசிஸுக்கு வந்துபோகும் பலர் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால், தமக்குப் பின்னர் பதிந்தவர் முந்திக்கொண்டார் என்று கேள்விப்படும்போது உண்டாகும் மனக்கசப்பு ஓரளவாவது குறையும்.

இலங்கையில் உறுப்புக் கொடைக்கு அடிப்படையாக இருப்பது 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். மூளையின் செயற்பாடு முழுவதும் மீள முடியாதபடி நின்றுபோவதையும் மரணமாக ஏற்கும் அச்சட்டம், உறுப்பை விலை பேசுவதைக் குற்றமாக்குகிறது. பணம் கொடுத்தால் முன்னுக்கு வரலாம் என்று சொல்லும் தரகரின் பேச்சுக்கு யாரும் செவி கொடுக்க வேண்டாம்.

முதலில் பார்க்கப்படுவது குருதி வகை. 'ஓ' வகைச் சிறுநீரகம் எவருக்கும் பொருந்தக்கூடியது; 'ஓ' வகை நோயாளிக்கோ அந்த வகை மட்டுமே பொருந்தும். அதனால் 'ஓ' வகை உறுப்பை 'ஓ' வகையினருக்கே ஒதுக்காவிட்டால், அவர்களின் காத்திருப்பு மற்றவர்களுடையதைவிட நீண்டுகொண்டே போகும். அடுத்து இழையப் பொருத்தம், அதாவது இருவரின் உயிரணுக்களிலுள்ள அடையாளப் புரதங்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. கடைசியில், கொடையாளியின் வெண்குழியங்களோடு நோயாளியின் சீரத்தை (குருதியின் தெளிந்த நீர்ப்பகுதியை) ஆய்வுகூடத்தில் கலந்து பார்ப்பார்கள். அந்நியப் பொருளை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் நோயாளியின் சீரத்தில் இருந்து அந்த வெண்குழியங்களைத் தாக்கினால், எத்தனை ஆண்டுகள் காத்திருந்தவராயினும் அந்தச் சிறுநீரகத்தை அவருக்குப் பொருத்துவது ஆபத்தானது. முன்னர் குருதி ஏற்றியவர்களிடமும், ஒருமுறை உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்களிடமும், பிள்ளை பெற்ற பெண்களிடமும் இந்த எதிரிகள் கூடுதலாக இருக்கலாம். தாய்மையே ஒரு பெண்ணின் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதால், இத்தகையவர்களுக்குப் பொருந்தும் அரிய உறுப்பு வரும்போது அவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கும் விதிகள் பல நாடுகளில் உள்ளன. சிறுவருக்கும் அவ்வாறே.

காத்திருந்த காலத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான், என் கருத்தில், நியாயம் நிற்கும் இடம். ஹற்றன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயலிசிஸ், போக வர பஸ் செலவு, இழந்த நாட்கூலி என்று காலம் ஓடிவிட, பரிசோதனைகளை முடித்துப் பட்டியலில் பெயர் சேர்ப்பதற்குள் அவருக்கு இரண்டு ஆண்டுகள் கழிந்திருக்கும். வைத்தியசாலைக்கு அருகில் வசிப்பவர் அதே வேலையைச் சில மாதங்களில் முடித்துவிடுவார். பெயர் பதிந்த நாளிலிருந்து எண்ணினால், தூரமும் வறுமையும் தோட்டத்தவரின் இரண்டு ஆண்டுகளை அழித்துவிடும். அமெரிக்காவில் 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த விதி இந்தக் குறையைத் திருத்தியது; எவ்வளவு தாமதித்துப் பதிந்தாலும், டயலிசிஸ் தொடங்கிய நாளிலிருந்தே காலத்தை எண்ண அது வழிசெய்தது. எங்கும் அப்படித்தான் எண்ண வேண்டும்.

நோயாளி செய்யக்கூடியவையும் உண்டு. முதல் டயலிசிஸ் நடந்த திகதி கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் திகதியிலிருந்து உங்கள் காலம் எண்ணப்படுகிறது என்று வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். தமிழிலேயே கேட்கத் தயங்க வேண்டாம்; அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்பாடும் உரிமை அரசியலமைப்பிலேயே உள்ளது. குருதி ஏற்றியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். எடுத்த சிறுநீரகத்தைக் குளிரில் வைத்தாலும் ஒரு நாளளவுக்குள் பொருத்திவிட வேண்டும் என்பதால் அழைப்பு நள்ளிரவிலும் வரலாம். தொலைபேசி இலக்கம் மாறினால் அன்றே அறிவித்து, வீட்டிலுள்ள இன்னொருவரின் இலக்கத்தையும் பதிந்து வையுங்கள்.