பழைய ஆம்ப்ளிஃபயரின் பவர் கார்டை மாற்றும் முன்

சர்வீசுக்கு ஆம்ப் கொண்டுவருபவர்களில் சிலர், கூடவே ஒரு தடித்த பவர் கார்டையும் எடுத்து வருகிறார்கள். பெட்டியோடு சேர்ந்தே வந்த மெல்லிய கார்டை அறுத்துவிட்டு, பின்பக்கம் மூன்று பின் சாக்கெட் ஒன்றை வைத்துத் தர வேண்டும் என்பார்கள். சவுண்ட் இன்னும் தெளிவாக வருமாம். வேலை சின்னதுதான். ஆனால் வேறு யாரோ இப்படி மாற்றிவைத்த பெட்டிகளைத் திறக்கும்போதுதான் எனக்குப் பகீர் என்கிறது.

சவுண்ட் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒன்றரை மீட்டர் கார்டு என்றால், போக வர இரண்டு கம்பியும் சேர்ந்து சுமார் 0.07 ஓம். ஆம்ப் 2 ஆம்பியர் இழுத்தாலும் அதில் இறங்குவது 0.14 வோல்ட். கபாசிட்டர் நிரம்பும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் சில மடங்கு ஏறும். அப்போதும் ஒரு வோல்ட்டைத் தாண்டாது. சுவருக்குள் ஓடும் வயரின் நீளத்தையும், ஒரே நாளில் மெயின்ஸ் (வீட்டுக்கு வரும் கரண்ட்) எத்தனை வோல்ட் ஏறி இறங்குகிறது என்பதையும் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. மாற்றியதும் நிஜமாகவே வித்தியாசம் கேட்டதென்றால், பழைய கார்டிலோ பிளக்கிலோ லூஸ் கனெக்‌ஷன் இருந்ததா என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கார்டை மாற்ற உண்மையான காரணங்கள் வேறு. பழைய ரப்பர் உறை காய்ந்து வெடிக்கும், அதுவும் பெட்டிக்குள் நுழையும் இடத்தில், கண்ணுக்குத் தெரியாமல். பிளக்கின் கழுத்தில் உள்ளிழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சமிருப்பவை சூடாகும். இவற்றில் எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

மாற்றும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்தப் பெட்டிக்கு எர்த் உண்டா, இல்லையா?

பின்பக்கம் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் கொண்ட வகை. ஃபேஸுக்கும் நாம் தொடும் உலோகத்துக்கும் நடுவே இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்தே செய்திருப்பார்கள். எர்த் தேவையில்லை, கார்டிலும் இரண்டே கம்பிதான். இதில் மூன்று பின் சாக்கெட்டை வைத்து எர்த் பின்னைச் சும்மா விட்டால், அடுத்து வாங்குபவர் மூன்று பின்னைப் பார்த்து எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுவார். சரி, எர்த்தைச் சாசியில், அதாவது பெட்டியின் உலோக உடம்பில், கொடுத்துவிட்டால்? சிடி பிளேயர், ப்ரீஆம்ப் என்று எர்த் உள்ள இன்னொரு பெட்டியோடு சிக்னல் கேபிள் வழியாக ஒரு வளையம் உண்டாகி, ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வரலாம். அதைப் போக்க யாராவது பிளக்கில் எர்த் வயரைக் கழற்றுவார், பெரும்பாலும் எர்த் கட்டாயம் வேண்டிய பெட்டியில். நான் பயப்படுவது இந்தக் கடைசிப் படிக்குத்தான். அதனால் இந்த வகைக்கு நல்ல இரண்டு கோர் கார்டையே மறுபடி போட்டுவிடுவேன். எட்டு வடிவ இரண்டு பின் சாக்கெட்டும் வைக்கலாம். ஆனால் அதன் அளவு 2.5 ஆம்பியர்தான், பெரிய பவர் ஆம்புக்கு ஆகாது.

குறியும் இல்லை, உடம்பு முழுக்க உலோகம், கார்டில் இரண்டே கம்பி என்றால் கதை வேறு. இங்கே எர்த் சேர்ப்பதுதான் சரி. சில பழைய வால்வ் ஆம்ப்களில் மெயின்ஸுக்கும் சாசிக்கும் நடுவே ஒரு கபாசிட்டர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் சாசியே ஷாக் அடிக்கும். கையோடு அதையும் எடுத்துவிடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மரே இல்லாத பழைய வால்வ் ரேடியோக்களில் மெயின்ஸின் ஒரு கம்பி நேராகச் சாசிக்கே போவதுண்டு. அவற்றை ஐசோலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோடு நேர் இணைப்பு இல்லாமல் கரண்ட் தருவது) இல்லாமல் தொடவே வேண்டாம், எர்த் கொடுக்கவும் கூடாது.

டர்ன்டேபிளிலிருந்து ஆம்புக்குப் போகும் மெல்லிய கிரவுண்ட் வயரைக் காட்டி, எர்த் இருக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. அது ஹம் குறைக்க மட்டும். உயிரைக் காக்காது.

வேலையில் இறங்கினால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கபாசிட்டர்களில் சார்ஜ் நிற்கும். வால்வ் ஆம்பில் அது 400 வோல்ட்டுக்கும் மேல் போகலாம். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். கார்டு நுழையும் ஓட்டையில் அதைக் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் புஷ் ஒன்று இருக்கும். அதன் அளவு கார்டின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். தடித்த கார்டு நுழையவில்லை என்று புஷ்ஷைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ளே முடிச்சுப் போட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். தகரத்தின் விளிம்பு நாளடைவில் உறையை அறுத்துவிடும்.

மூன்று பின் சாக்கெட் வைப்பதென்றால் சுமார் 27க்கு 20 மில்லிமீட்டர் ஓட்டை வெட்ட வேண்டும். போர்டுகளைக் கழற்றாமல் வெட்டினால் இரும்புத் தூள் எங்கே போய் உட்காரும் என்று சொல்ல முடியாது.

எர்த் வயருக்குத் தனி போல்ட் வேண்டும். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே மாட்டாதீர்கள். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), ஸ்டார் வாஷர் (பல் வைத்த வாஷர்) வைத்து இறுக்குங்கள். மற்ற இரண்டையும்விட எர்த் வயர் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும்; கார்டு இழுபட்டால் கடைசியாகத்தான் அது அறுபட வேண்டும். ஃபேஸ் நேராக ஃபியூஸுக்கு, அப்புறம் ஸ்விட்ச்சுக்கு. திருகு வைத்து இறுக்கும் டெர்மினலில் ஈயம் வைத்த முனையைச் செருகக் கூடாது. ஈயம் மெல்ல நசுங்கி, பிடி தளர்ந்துவிடும். அதற்குப் பதில் கிரிம்ப் செய்யுங்கள், அதாவது முனையில் உலோகக் குழல் மாட்டி நசுக்குங்கள்.

மூடும் முன் பிளக்கின் எர்த் பின்னுக்கும் சாசிக்கும் நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் வயர்களின் அளவைக் கழித்தால் 0.1 ஓம் பக்கத்தில் வர வேண்டும். பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் பின் இரண்டையும் ஒன்றாக இணைத்து, சாசிக்கு எதிராக 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பார்த்தால் 1 மெகாஓமுக்குக் கீழே இறங்கவே கூடாது. அதன் பிறகும் முதல் தடவை நேராக மெயின்ஸில் செருகாமல் சீரிஸ் பல்பு வழியாக, அதாவது கரண்ட் ஒரு குண்டு பல்பைக் கடந்து ஆம்புக்குப் போகும்படி, போடுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் பரவாயில்லை. பளீரென்று அப்படியே எரிந்தால் உடனே அணைத்துவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள்.