கண்ணாடி இலையின் செவியைப் பாருங்கள்

"நாற்று வயது கூடிவிட்டால் நாள் கணக்கு தப்புகிறது. நெற்பயிரைப் பார்த்தே கதிரின் நிலையைச் சொல்ல முடியாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராளமாகச் சொல்லலாம்.

குருத்து நுனி இலை விடுவதை நிறுத்திக் கதிருக்கு மாறும்போது, ஏற்கெனவே உருவான மூன்று நான்கு இலைகள் இன்னும் உள்ளேயே இருக்கும். அவை ஒவ்வொன்றாக வெளிவந்து கதிரும் தலைகாட்ட ஏறக்குறைய 30 நாள் ஆகும். ஆடுதுறை 43 போன்ற 110 நாள் ரகத்தில் இந்த மாற்றம் விதைத்த 50-ஆம் நாள் வாக்கில் நடக்கும். மேலுரம் இடும் நேரம் அதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிந்தைய கட்டம். இலைத்தாளும் உறையும் சேரும் இடத்தில், தண்டைக் கட்டிப்பிடித்தபடி மயிரடர்ந்த இரண்டு சின்னக் கொக்கிகள் இருக்கும். அவை இலைச்செவிகள். வயலில் களையாக வரும் குதிரைவாலிக்கு இவை கிடையாது. கடைசி இலையான கண்ணாடி இலையின் செவி, முதலில் அதற்கு முந்தைய இலையின் உறைக்குள் மறைந்திருக்கும். உறை நீள நீள அது மேலேறி, ஒரு நாள் முந்தைய இலையின் செவிக்கு நேராக வந்து நிற்கும். பொதிக்குள், அதாவது கதிரை மூடியிருக்கும் உறைக்குள், இருக்கும் பூக்களில் மகரந்தத்தை உண்டாக்கும் தாய்செல்கள் குன்றல் பிரிவில் (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவில்) மும்முரமாக இருப்பது அப்போதுதான். செவி சுமார் 10 செ.மீ. கீழே இருக்கையில் பிரிவு தொடங்கும். அதே அளவு மேலே போனதும் முடியும். கதிரின் நுனிப் பூக்கள் முந்தும், அடிப் பூக்கள் பிந்தும். அதனால்தான் இத்தனை இடைவெளி. உறையும் கதிரும் ஒரே தாளத்தில் வளர்வதால், ஒன்றை அளந்தால் மற்றது தெரிந்துவிடுகிறது!

இந்தச் சில நாட்களில் தண்ணீர் தட்டுப்பட்டால் மகரந்தம் மலடாகும், கதிர் பதராகும். குளிர் நாடுகளில் குளிரும் இதே கேட்டைச் செய்யும். ஜப்பானில் 1993-இல் கோடை குளிர்ந்துபோய், விளைச்சல் வழக்கத்தின் நான்கில் மூன்று பங்காகச் சரிந்தது; தாய்லாந்து அரிசியை இறக்குமதி செய்தார்கள். வடக்கே ஹொக்கைடோவில் இந்த இரு செவிகளுக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அந்த நாட்களில் வயலில் நீரை உயர்த்திக் கட்டுகிறார்கள். இரவுக் காற்றைவிட நீர் வெதுவெதுப்பாக இருப்பதால், தண்டுக்குள் இருக்கும் இளங்கதிர் தப்பிக்கிறது.

பயிரின் நிலையைக் கண்டறியச் செயற்கைக்கோளுக்கும் டிரோனுக்கும் நிதி ஒதுக்குவதை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா உள்ளிட்ட நம் ரகங்கள் ஒவ்வொன்றுக்கும் இந்த இடைவெளியை அளந்து, அட்டவணையாக விவசாயி கையில் கொடுக்க வேண்டும். அதற்கு ஓர் அளவுகோலும் ஒரு பருவத்து உழைப்பும் போதும். அளக்கும்போது வரப்போரப் பயிரை விட்டுவிடுங்கள். வயலின் நடுவே, பல குத்துகளில் தாய்த்தண்டை மட்டும் பாருங்கள். பக்கத் தூர்கள் பிந்தியே வரும்.