வெப்ராளம் எத்தனை மணிக்கு?

குலசேகரம் பக்கம் எனக்குத் தெரிந்த பாட்டா ஒருவர் இருக்கிறார். ஐம்பது வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். இப்போது ஓர்மை தப்பிவிட்டது. மகனைத் தம்பி என்கிறார், சாப்பிட்ட கை காய்வதற்குள் சோறு கேட்கிறார். ஆனால் ராத்திரி மூன்று மணியை மட்டும் மறக்கவில்லை. எழுந்து புறவாசல் தாழ்ப்பாளை இழுப்பார், கத்தியைத் தேடுவார். விடியும் முன் மரம் இலைவழி இழக்கும் நீர் குறைவு, அதனால் பால் குழாய்களில் அழுத்தம் அதிகம். அப்போது வெட்டினால்தான் சிரட்டை நிறையும். வெயில் ஏறினால் அழுத்தம் இறங்கிவிடும். அந்தக் கணக்கு அவர் உடம்பில் ஊறியது. மருமகள் எழுந்து வந்து, "மாமா, வெளிய மழை. இன்னைக்கு வெட்டு இல்ல" என்பார். மழை நாளில் வெட்டு கிடையாது என்பதும் பாட்டாவுக்கு மறக்கவில்லை. "அப்படியா மக்ளே" என்று போய்ப் படுத்துக்கொள்வார்.

சிக்கல் சாயங்காலத்தில்தான். விளக்கு வைக்கும் நேரமானால் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக ஓயாத நடை. துண்டை முறுக்குவார், வீட்டுக்குப் போகணும் என்று தன் வீட்டுக்குள் நின்றே கத்துவார், தடுத்தால் கையை ஓங்குவார். மருத்துவர்கள் இதைக் கிளர்ச்சி என்று எழுதுகிறார்கள். எங்கள் ஊரில் வெப்ராளம் என்போம். எனக்கு இந்தச் சொல்தான் சரியாகப் படுகிறது. கிளர்ச்சி என்றால் கொடி பிடிப்பதுபோல் இருக்கிறது. அந்தி நேரத்தில் இது கூடுவது மறதிநோயில் பரவலாகக் காண்பதுதான். மூளையின் அடிப்பகுதியில் பகல், இரவைக் கணக்கு வைக்கும் சிறு நரம்புக் கொத்து ஒன்று உண்டு. அல்சைமர் நோய் அதையும் அரிக்கிறது. மங்கும் வெளிச்சமும் நாள் முழுக்கச் சேர்ந்த அசதியும் மீதியைச் செய்கின்றன.

இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அத்தனை வீட்டிலும் டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எப்போது, எத்தனை முறை? இதற்கென்றே கோஹன்-மான்ஸ்ஃபீல்டு பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் 29 நடத்தைகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடந்தது என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போட வேண்டும். நல்ல பட்டியல்தான். ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காத மருமகள். "எப்பவும்தான் டாக்டர்" என்பார். வேறென்ன சொல்வார்?

இந்த இடத்தில்தான் சென்சார் வருகிறது.

முதலில் கையில் கட்டும் பட்டை. அதற்குள் முடுக்கமானி இருக்கும். போனைச் சாய்த்தால் திரை திரும்புகிறதே, அதே சங்கதி. மயிரிழை அளவுள்ள சிலிக்கான் விற்களில் ஒரு துளி எடை தொங்குகிறது. கை அசைந்தால் எடை பின்தங்கும், பக்கத்துத் தகடுகளுக்கும் அதற்குமான இடைவெளி மாறும், அவை மின்சாரத்தைத் தேக்கும் அளவும் கூடவே மாறும். ஆராய்ச்சிகளில் புழங்கிய எம்பாட்டிக்கா ஈ4 பட்டை இதை நொடிக்கு 32 முறை குறித்துக்கொள்கிறது. துண்டை முறுக்கும் கையும் சோறு பிசையும் கையும் வேறு வேறு கோலம் போடும்.

அப்புறம் வியர்வை. பதற்றம் வந்தால், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலம் வியர்வைச் சுரப்பிகளைத் தட்டி எழுப்பும். தோல் ஈரமானால் மின்சாரம் எளிதாகப் பாயும். உணர முடியாத அளவு மின்சாரத்தைச் செலுத்தி அந்த மாற்றத்தைப் பட்டை அளக்கிறது. குளிரூட்டிய ஆய்வகத்தில் இது சுகமாக வேலை செய்யும். நம் குமரி மாவட்டத்துப் புழுக்கத்தில், அதிலும் சித்திரை மாதக் குளச்சலில், சும்மா உட்கார்ந்திருப்பவருக்கே வியர்த்து ஊற்றுமே! அதனால் மொத்த ஈரத்தைப் பார்த்துப் பயனில்லை. புழுக்க வியர்வை மெதுவாக ஏறும். பதற்ற வியர்வை சில நொடிகளில் சட்டென்று மேலே குத்தி, பிறகு வடியும். மென்பொருள் தேடுவது அந்தக் குத்தலை. நாடித்துடிப்பைப் பார்ப்பது பட்டையின் அடியில் உள்ள பச்சை வெளிச்சம். ரத்தம் பச்சையை நன்றாக உறிஞ்சும், ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். கை ஆடினால் இந்தக் கணக்கு குழம்பும். வெப்ராளத்தில் ஆடுவதே கைதான் என்பது ஒரு கஷ்டம்.

பட்டையைப் பிய்த்து எறிகிறவர்களுக்கு வீட்டிலேயே சென்சார் பொருத்தலாம். கதவில் காந்தச் சுவிட்ச், மெத்தைக்கு அடியில் அழுத்தப் பாய், சுவரில் அகச்சிவப்பு உணரி. இந்த உணரிக்கு உடம்புச் சூட்டின் கதிர்வீச்சு நகர்ந்தால் போதும், முகம் தேவையில்லை. முற்றம், அடுக்களை, முற்றம், அடுக்களை என்று இரண்டு இடத்து உணரிகளும் மாறி மாறி விழித்தால், ஆள் உலாத்துகிறார். படுக்கையறையில் கேமரா வைப்பதைவிட இது எவ்வளவோ மரியாதையானது. இங்கிலாந்தில் 56 பேரின் வீடுகளில் இப்படிச் சேர்த்த தரவைப் பொதுவெளியில் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் பூனையும், ஐப்பசி மழையில் போகும் கரண்டும் கூடுதல் தலைவலி. சின்ன பேட்டரி காப்பு இல்லாமல் இதில் இறங்கக் கூடாது.

சரி, எண்கள் வந்துவிட்டன. எது வெப்ராளம்? ஒரு நாளில் 1,440 நிமிடம். அதில் 15 நிமிடம் வெப்ராளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் 'ஒன்றுமில்லை' என்றே சொல்லும் சோம்பேறி மென்பொருள்கூட 99 சதவீதம் சரி! ஆகவே சதவீதத்தைப் பெரிதாகப் போட்டு விற்க வந்தால், உண்மையான வெப்ராளத்தில் எத்தனையைப் பிடித்தது, எத்தனை முறை வீணாக மணியடித்தது என்று கேளுங்கள். மென்பொருளைப் பழக்க, எது வெப்ராளம் என்று முதலில் நாம் நேரம் குறித்துக் காட்ட வேண்டும். கனடாவின் டொராண்டோவில் மறதிநோய்ப் பிரிவு ஒன்றில் ஆராய்ந்தவர்கள், செவிலியர் குறிப்போடு நடைபாதைக் கேமராவையும் பார்த்துத் தொடங்கிய நேரம், முடிந்த நேரத்தைக் குறித்தார்கள். குறிப்பில் 'ஆறு மணி வாக்கில்' என்று இருந்தால் இயந்திரம் எதைப் படிக்கும்?

இன்னொரு வழி, அந்த ஆளின் சாதாரண நாட்களை மட்டும் மென்பொருளுக்குப் பழக்கி, விலகினால் சொல்லச் சொல்வது. நம் பாட்டாவுக்கு இதுதான் ஒத்துவரும். ஊருக்கெல்லாம் ஒரே அளவுகோல் வைத்தால் ராத்திரி மூன்று மணிக்குத் தினமும் அபாயமணி அடிக்கும். அவருக்கோ அது வேலைக்குப் போகும் நேரம்.

நேரம் தெரிந்தால் என்ன லாபம்? காரணத்தைத் தேடலாம். வலி, தாகம், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, கோவில் கொடைக்குக் கட்டிய ஒலிபெருக்கி. வலிக்கிறது என்று சொல்ல வார்த்தை வராதவருக்கு வலி வெப்ராளமாகத்தான் வரும். நார்வேயில் முதியோர் இல்லங்களில் 352 பேரை வைத்து நடந்த ஆய்வு 2011-இல் வெளிவந்தது. அதில் பாராசிட்டமாலில் தொடங்கி முறையாக வலிக்கு மருந்து கொடுத்ததிலேயே கிளர்ச்சி குறைந்தது. எடுத்த எடுப்பில் மனநோய் மாத்திரைக்குப் போவதில் ஆபத்து உண்டு. மறதிநோயுள்ள முதியவர்களுக்கு அவை மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது.

பாட்டா வீட்டில் சென்சார் எதுவும் இல்லை. மருமகள் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினார்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அன்றைக்கு என்ன சாப்பிட்டார், வயிற்றுக்குப் போனாரா. மூன்று வாரத் தாள்களை வரிசையாகப் பரப்பிப் பார்த்தபோது, கையை ஓங்கிய சாயங்காலங்களில் பெரும்பாலானவை வயிற்றுக்குப் போகாத இரண்டாம் நாளாக இருந்தன. டாக்டரிடம் தாள்களையே கொண்டுபோய்க் கொடுத்தார். இப்போது தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு இரண்டு பாளையங்கோடன் பழம். உலாத்தல் நிற்கவில்லை. கை ஓங்குவது குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று கேட்டால் தாளை எடுத்து எண்ணிச் சொல்கிறார்.